கீழாநெல்லி பறித்தவன்

எங்கள் தோட்டத்து லயத்தில் எவருக்கேனும் கண் மஞ்சளித்தால் முதலில் தேடப்படுபவன் நானாக இருந்தேன். எட்டு வயதுச் சிறுவனுக்கு மருத்துவம் தெரியும் என்று யாரும் நம்பியதால் அன்று. குனிந்து தேட வளையும் இடுப்பும், சிறு செடியையும் கண்டுகொள்ளும் கண்ணும், சொன்னவுடன் ஓடும் காலும் எனக்கு இருந்தன. கீழாநெல்லி பறிப்பதற்கு அவை போதும் என்று பாட்டி கருதினார். போதவில்லை என்பதை நான் அறிந்துகொள்ள இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

அது 1964-ஆம் ஆண்டு. கெடா மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். என் தம்பிக்கு ஐந்து வயது. நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தான். சோற்றைக் கண்டாலே ஓங்கரித்தான். ஐந்தாம் நாள் அவன் சிறுநீர் கடுந்தேநீரின் நிறத்தில் போயிற்று. கண்ணின் வெண்மை மஞ்சளாயிற்று. தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெஸர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலம் குளுக்கோஸ் தூளைக் கொடுத்து, எண்ணெய்ப் பண்டம் கொடுக்காமல் படுக்க வைத்திருக்கச் சொன்னார். அவ்வளவுதான். பாட்டி அந்தப் பொட்டலத்தைப் பரண்மேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"காலையிலேயே போயிடு ராசா, வெயில் ஏறக் கூடாது. மருந்தடிச்ச நிரைப் பக்கம் போகாதே. இலையைத் திருப்பிப் பாரு, அடியிலே குட்டிக் குட்டியாக் காய் இருக்கும். தண்டு பச்சையா இருக்கணும். சிவப்பா இருந்தா அது வேற, தொடாதே. காய்க்குக் காம்பு இருக்கான்னு பாரு. விரலாலே தடவினா வழவழன்னு இருக்கணும். வேரோட புடுங்கு."

பாட்டி சொன்னவை ஏழு செய்திகள். வாய்பாட்டைப் போல் அவற்றை ஒப்பித்துக்கொண்டே ஓடினேன். வாய்க்கால் கரையை அடைந்தபோது என் நினைவில் இரண்டு எஞ்சியிருந்தன. இலைக்கு அடியில் காய். மருந்தடித்த நிரை வேண்டாம்.

இரண்டாவது மறக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்நாளில் மலாயாத் தோட்டங்களில் லாலாங் புல்லை ஒழிக்கச் சோடியம் ஆர்செனைட் என்னும் கொடிய நஞ்சைத் தெளித்த பழக்கம் இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பசு ஒன்று புல்லை மேய்ந்து வந்து வாசலிலேயே விழுந்து செத்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். பிற்காலத்தில் அதன் இடத்தைப் பாராகுவாட் பிடித்துக்கொண்டது. மலேசியாவில் அது 2020-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. மூலிகையின் பெருமையைப் பேசுகிறவர்கள் அது வளர்ந்த மண்ணைப் பற்றிப் பேசக் கேட்பது அரிது. படிப்பறிவில்லாத என் பாட்டி அதை முதலில் பேசினார்.

அன்று எனக்கு நல்லூழ் இருந்தது. கொண்டுவந்த பிடியைப் பாட்டி முறத்தில் பரப்பி ஒவ்வொரு செடியாக எடுத்துப் பார்த்தார். பாதியைத் தூக்கி எறிந்தார். மீதியை மண்போக அலசி, அம்மியில் வைத்து, கொட்டைப்பாக்களவு விழுதாக அரைத்து, ஆட்டுப்பாலில் கலக்கி வெறும் வயிற்றில் தம்பிக்குக் கொடுத்தார். உப்பில்லை, புளியில்லை, எண்ணெயில்லை. தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். மூன்று வாரத்தில் லயத்து முற்றத்தில் கோலி விளையாடினான். தோட்டம் முழுவதும் பாட்டியின் புகழ் பரவியது. எனக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. அவர் தூக்கி எறிந்த பாதியைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இந்தச் செடியின் பெயரைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். வகுப்பில் நான் பலமுறை சொல்லி மகிழ்ந்த செய்தி இது. கீழே காய்க்கும் நெல்லி என்பதால் தமிழர் இதைக் கீழ்க்காய்நெல்லி என்றும் கீழாநெல்லி என்றும் அழைத்தனர். மலாய்க்காரர் இதற்கு இட்ட பெயர் 'டூக்கோங் ஆனாக்'. பிள்ளையை முதுகில் சுமத்தல் என்பது அதன் பொருள். இலைகளின் முதுகுப்புறத்தில் வரிசையாகத் தொற்றிக்கொண்டிருக்கும் காய்களை அவர்கள் தாயின் முதுகில் கட்டிய குழந்தைகளாகக் கண்டார்கள். சீனர் இந்தக் குடும்பத்துச் செடியை இலைக்கடி முத்து என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். மூன்று இனத்தாரும் ஒரே இலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் கண்ணுக்கு அது காய், ஒருவர் கண்ணுக்குக் குழந்தை, ஒருவர் கண்ணுக்கு முத்து.

இதை நான் கரும்பலகையில் எழுதி விளக்குவேன். மாணவர்கள் வாய்பிளந்து கேட்பார்கள். சொல்வதெழுதுதலில் 'கீழ்க்காய்நெல்லி' என்பதை ஒற்றுப் பிழையின்றி எழுதுவார்கள். வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே, பத்தடி தூரத்தில், அந்தச் செடி வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு நாளும் அவர்களை நான் வெளியே அழைத்துச் சென்று காட்டியதில்லை.

பாட்டி 1972-இல் காலமானார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, சிறு நகர் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். 1979-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது, அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றியிருந்தது. வேட்டியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தார். மாலை வெயிலின் மஞ்சள் என்றே முதலில் நினைத்தேன். அருகில் போனபோதுதான் அது அவர் கண்ணின் மஞ்சள் என்று தெரிந்தது.

புதிய டிரெஸர் இளைஞர். வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் மாவட்ட மருத்துவமனைக்குப் போகும்படி சீட்டெழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு எங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டது. மஞ்சட்காமாலைக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது என்று உறவினர் அனைவரும் ஒரே குரலில் சொன்னார்கள். தம்பி குணமான கதை ஒவ்வொருவர் வாயிலும் இருந்தது. தம்பியே அதைச் சொன்னான். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அப்பாவை என் வாடகை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். பறிப்பவன் நான் அல்லவா?

ஒவ்வொரு நாளும் விடியும் முன் எழுந்து பள்ளியின் பின்புறத்துச் சாக்கடை ஓரமாகப் போவேன். அங்கே செடி தழைத்துக் கிடந்தது. இலையைத் திருப்புவேன்; காய் இருக்கும்; பறிப்பேன். தண்டின் நிறத்தை நான் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன், பார்த்ததற்கு ஒரு பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அம்மா அரைத்துக் கொடுப்பார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகச் சொல்வார்: "வாத்தியார் கையாலே பறிச்ச மருந்து."

பத்தியத்தை நான் கடுமையாகக் காத்தேன். இருபதாம் நாள் இருக்கும். கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "ஒரு துண்டு கருவாடு சுட்டுக் கொடுக்கச் சொல்லேன்பா, வாய்க்கு ஒண்ணுமே புடிக்கலே" என்றார். நான் மறுத்துவிட்டேன். ஆசிரியன் அல்லவா, மாணவனிடம் பேசுவதைப் போல் அப்பாவிடம் பத்தியத்தின் அவசியத்தை எடுத்துரைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை மீண்டும் எடுத்துக்கொண்டார். அதன்பின் எதையும் கேட்கவில்லை.

நாற்பத்தாறாம் நாள் வயிறு வீங்கியது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஈரலில் கட்டி, புற்று, நெடுநாளாக இருந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். இரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி என்னும் கிருமியின் அடையாளம் இருந்ததாகவும் சொன்னார். அந்தப் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். அப்பா 1980-ஆம் ஆண்டு பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு இறந்தார்.

துக்கம் ஆறியது என்றுதான் நினைத்திருந்தேன். 1988-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு செய்தி படித்தேன். சென்னையில் தியாகராஜன் என்னும் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் என்பவரும் சேர்ந்து, இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். கிருமியை உடலில் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை நாளுக்கு மூன்று வேளை முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள். பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாம். வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அது மறைந்ததாம்.

நண்பர்கள் பலர் அந்தச் செய்தியைத் தமிழ் மருத்துவத்தின் வெற்றியாகக் கொண்டாடினார்கள். நானும் அவர்களோடு சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் உறக்கம் வரவில்லை. நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர்! நாற்பத்தாறு நாள் கொடுத்தும் என் அப்பா ஏன் அந்த ஐம்பத்தொன்பதில் ஒருவராக இல்லை?

விடை 1990-இல் வந்தது. எங்கள் பள்ளி வேலிக்கு அப்பால் ஓர் இடைநிலைப்பள்ளி இருந்தது. அங்கே உயிரியல் கற்பித்த மலாய் ஆசிரியை ஒருவர், மாணவர்களுக்குக் களைகளைக் காட்டுவதற்காக எங்கள் சாக்கடைப் பக்கம் வருவதுண்டு. நான் கீழாநெல்லியைப் பற்றிப் பேச்செடுத்தேன். இங்கேதான் நிறைய இருக்கிறது என்று காட்டினேன். அவர் குனிந்து ஒரு செடியைக் கிள்ளிப் பார்த்துச் சிரித்தார். "சிக்கு, இதுவும் பிள்ளை தூக்கும் செடிதான். ஆனால் நீங்கள் தேடும் தாய் இவள் அல்ல" என்றார்.

பிறகு வேலியோரம் சிறிது நேரம் தேடி வேறொரு செடியைப் பறித்து வந்தார். இரண்டையும் வெள்ளைத் தாளில் அருகருகே வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். அந்த அரைமணி நேரத்தில் நான் கண்டவற்றை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். படிக்கும் ஆசிரியர்கள் தம் பள்ளித் திடலில் இதைச் செய்து பார்க்கலாம்.

எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றே. முழங்காலுக்குக் கீழான உயரம். நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் மெல்லிய கிளைகள், ஒவ்வொன்றும் புளிய இலையைப் போல இருபுறமும் சிற்றிலைகள் தாங்கியவை. அது கிளை என்று தோன்றாது, கூட்டிலை என்றே தோன்றும். ஆனால் புளிய இலையின் சிற்றிலைக் கக்கத்தில் பூ இராது. இங்கே ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் கடுகிலும் சிறிய பூ உண்டு. தொட்டாற்சுருங்கியின் இளஞ்செடியிலிருந்தும் புளியங்கன்றிலிருந்தும் இவற்றைப் பிரித்தறிய இதுவே போதும். வந்த சிக்கல், கீழாநெல்லியை அதன் உடன்பிறப்புகளிலிருந்து பிரிப்பதில்தான்.

அவர் வேலியோரத்திலிருந்து கொண்டுவந்த செடியின் தண்டு வெளிர்பச்சை. இலை நீள்வட்டம், நுனி மழுங்கியது, தொட்டால் மெத்தென்றிருந்தது. பூவின் புறவிதழ்கள் ஐந்து. ஒரே கக்கத்தில் ஆண்பூ ஒன்றும் பெண்பூ ஒன்றும் சேர்ந்து நின்றன. காய், தெளிவாகத் தெரியும் சிறு காம்பில் தொங்கியது. பச்சை மணி போல் வழவழப்பாக இருந்தது. நுனிநாக்கில் இலையை வைத்தால் கசப்பு நெடுநேரம் நின்றது. சாக்கடையோரத்துச் செடியின் தண்டிலோ செம்மை ஓடியிருந்தது. இலைகள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. பூவின் புறவிதழ்கள் ஆறு. ஆண்பூக்கள் கிளையின் நுனிப்பக்கமும் பெண்பூக்கள் அடிப்பக்கமுமாகப் பிரிந்திருந்தன. காய்களுக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம்; கிளையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் தடவினேன். சொரசொரத்தது.

பழுத்த காயை நகத்தால் நசுக்கி விதையையும் காட்டினார். இரண்டிலும் காய்க்கு மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை. பச்சைத்தண்டுச் செடியின் விதையில் கோடுகள் நெடுக்கில் ஓடின. செந்தண்டுச் செடியின் விதையில் வரப்புகள் குறுக்கில் ஓடின. உப்புக் கல்லினும் சிறிய விதையில் இயற்கை இப்படி ஒரு கையெழுத்தை இட்டு வைத்திருக்கிறது.

ஆசிரியை சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அவர் குரல் கேட்கவில்லை. தண்டு பச்சையா இருக்கணும், காய்க்குக் காம்பு இருக்கான்னு பாரு, தடவினா வழவழன்னு இருக்கணும். கண்ணாடியும் தாளும் இல்லாமல், வாய்க்கால் கரைக்கு ஓடும் சிறுவனிடம் பாட்டி சொன்னவை அத்தனையும் அந்த வெள்ளைத் தாளின்மேல் கிடந்தன. பாட்டி முறத்திலிருந்து எறிந்த பாதியும் அங்கே கிடந்தது. என் அப்பாவுக்கு நாற்பத்தாறு நாள் நான் பறித்துக் கொடுத்தது அந்தப் பாதி.

ஆசிரியையிடம் இதைச் சொல்லவில்லை. மனைவியிடமும் நெடுநாள் சொல்லவில்லை.

குற்றமுள்ளவன் சட்டப் புத்தகம் தேடுவதைப் போல, நான் செடிகளைப் பற்றிய நூல்களைத் தேடத் தொடங்கினேன். அதில் எதிர்பாராத துணை கிடைத்தது. நான் மட்டும் ஏமாந்தவன் அல்லன். டச்சுக்காரரான வான் ரீடே என்பவர் மலையாளக் கரையின் செடிகளைப் பற்றித் தொகுத்த நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் 'கிர்கநெலி' என்று இலத்தீன் எழுத்தில் நம் கீழாநெல்லியின் பெயர் பதிவாயிருக்கிறது. 1753-இல் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிய லின்னேயஸ், இந்தச் சிறு செடிகளையும் பெருநெல்லி மரத்தையும் ஃபில்லாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைத்தார். மரத்துக்கும் புல்லுக்கும் 'நெல்லி' என்று ஒரே பெயரிட்ட நம் முன்னோரின் பார்வை அதற்கு முன்பே அங்கே சென்றிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி உண்டாயிற்று.

அடுத்த பக்கத்தில் குழப்பம். லின்னேயஸ் சூட்டிய 'நிரூரி' என்னும் பெயர் அமெரிக்கக் கண்டத்துச் செடி ஒன்றுக்குரியது. நம் வாசலில் வளரும் செடிக்குரிய பெயர் 'அமாரஸ்', அதாவது கசப்பானது. அதுவும் மேற்கு ஆப்பிரிக்கச் செடியைக் கண்டு 1827-இல் சூட்டப்பட்டது. 1950-களில் கிரேடி வெப்ஸ்டர் என்னும் அமெரிக்கத் தாவரவியலாளர் இவற்றைப் பிரித்துக் காட்டிய பிறகும், ஆசியாவில் வெளிவந்த மருத்துவ நூல்கள் பல, பழைய பெயரையே எழுதிவந்தன. என் சாக்கடையோரத்துச் செந்தண்டுச் செடியின் பெயர் 'யூரினேரியா'. சிறுநீர்க் கோளாறுகளுக்கு அது பயன்பட்டதை அந்தப் பெயரே சொல்லும். தமிழில் அதைச் சிவப்புக் கீழாநெல்லி என்பார்கள். அது நஞ்சு அன்று. மலாய்க்காரரும் சீனரும் அதையும் மருந்தாகக் கொள்கின்றனர். வேறொரு செடி, அவ்வளவே. இவை போதாவென்று மேலாநெல்லி என்று இன்னொன்றும் இருக்கிறது.

சென்னை ஆய்வின் கதையும் அங்கேயே முடியவில்லை. வேறு நாடுகளில் அதே முயற்சியைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. செடி வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். பல ஆய்வுகளையும் ஒருசேர நிறுத்துப் பார்த்த காக்ரன் குழுவின் மதிப்பீடு 2011-இல் வெளிவந்தது. நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கு இந்தச் செடிகள் பயன்தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று அது கூறியது. என் தூக்கத்தைக் கெடுத்த ஐம்பத்தொன்பது விழுக்காடு அப்படிக் கரைந்து போயிற்று.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, என் பழைய மாணவராக இருந்து மருத்துவரானவர் ஒருவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஐயா, மஞ்சட்காமாலை நோய் இல்லை, நோயின் அடையாளம்" என்று தொடங்கினார். பழைய சிவப்பணுக்கள் அழியும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் உண்டாகிறது. ஈரல் அதை வெளியேற்றுகிறது. ஈரல் அழன்றாலும், பித்தநாளம் அடைபட்டாலும், கட்டி வளர்ந்தாலும் அது இரத்தத்தில் தேங்கிக் கண்ணில் தெரிகிறது. தம்பிக்கு வந்தது பெரும்பாலும் ஹெப்படைட்டிஸ் ஏ ஆக இருக்கலாம் என்றார். குழந்தைகளுக்கு அது சில வாரத்தில் தானே வடிந்துவிடுமாம். அப்பாவுக்கு வந்தது வேறு. அநேகமாகப் பிறப்பின்போதோ குழந்தைப் பருவத்திலோ தொற்றி, பல்லாண்டு அமைதியாக இருந்து, ஈரலைத் தின்றது. லான்செட் ஆய்வில் இருந்தவர்கள் கிருமியைச் சுமந்தவர்கள். என் அப்பா கட்டியைச் சுமந்தவர்.

"அப்படியானால் சரியான செடியைப் பறித்திருந்தாலும்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் மாறியிருக்காது ஐயா."

"சீட்டுக் கொடுத்த அன்றே போயிருந்தால்?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அந்தக் கட்டிக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு என்றார். பிறகு, "வலிக்கு மருந்து கொடுத்திருப்பார்கள். விரும்பியதைச் சாப்பிடச் சொல்லியிருப்பார்கள்" என்றார்.

செடி மாறிய குற்றம் அன்று என்னை விட்டு இறங்கியது. கருவாடு மட்டும் இறங்கவில்லை.

எங்கள் குடும்பத்தார் அனைவரையும் அந்த மருத்துவர் இரத்தம் சோதிக்க வைத்தார். நானும் தம்பியும் தப்பியிருந்தோம். சிங்கப்பூரில் 1987 முதலும் மலேசியாவில் 1989 முதலும் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. 1991-இல் பிறந்த என் மகளின் தொடையில் தாதி ஊசி ஏற்றியபோது அவள் வீறிட்டு அழுதாள். நான் கலங்கி நின்றதைக் கண்டு, "இவ்வளவு சின்ன ஊசிக்கா அப்பா பயப்படுகிறார்?" என்று தாதி கேலி செய்தார்.

ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் சென்றேன். அந்த ஒரு பாடத்தைக் கரும்பலகையில் நடத்துவதை விட்டுவிட்டேன். முதலில் இலையைத் திருப்புவார்கள், "காய் இருக்கு சார்!" என்று கூவுவார்கள். காய் இருப்பது எல்லாருக்கும் தெரியும், காம்பு இருக்கிறதா என்று பார் என்பேன். கூச்சல் அடங்கி, தலைகள் மண்ணை நோக்கித் தாழும். எனக்கு மிகப் பிடித்த காட்சி அதுதான்.

ஈராண்டுக்கு முன் ஒரு காலையில் அண்டை வீட்டு அம்மையார் வேகமாக வந்தார். மருமகனுக்குக் கண் மஞ்சளித்திருக்கிறதாம்; எனக்குச் செடி தெரியும் என்று யாரோ சொன்னார்களாம். சட்டையை மாட்டிக்கொண்டு காரை வெளியே எடுத்தேன். செடி இங்கேயே கிடைக்குமே, கார் எதற்கு என்று அவர் திகைத்தார். "முதலில் இரத்தம் சோதிப்போம் அக்கா. செடி எங்கேயும் ஓடிவிடாது" என்றேன். மருமகனைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போனேன். ஹெப்படைட்டிஸ் ஏ என்றே முடிவு வந்தது. படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள்.

அம்மையாருக்கு மனம் ஆறவில்லை. மருத்துவரிடம் கேட்டு, அவர் தடை சொல்லாத பிறகு, வேலியோரத்துப் பச்சைத்தண்டுச் செடியைக் காட்டிக் கொடுத்தேன். ஐந்து அடையாளங்களையும் இருமுறை சொன்னேன். அவரும் தலையாட்டினார். பத்தியத்தைப் பற்றிக் கேட்டபோது, பசித்ததைச் சாப்பிடட்டும் என்று மட்டும் சொன்னேன். ஒரு மாதத்தில் மருமகன் வேலைக்குப் போனார். எல்லாம் அந்தச் செடியின் மகிமை என்று அம்மையார் தெருவெங்கும் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை.

அவசரத்துக்கு உதவும் என்று அவர் இப்போது வாசலில் ஒரு தொட்டியில் கீழாநெல்லி வளர்க்கிறார். சென்ற வாரம் என்னை அழைத்து ஆசையோடு காட்டினார். செடி நன்றாகத் தழைத்திருந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தேன். தண்டு சிவப்பாக இருந்தது.